கதவு சாத்தும் காட்சி

படம் முடிந்து வெளியே வரும்போது "புத்தகம்தான் நல்லா இருந்தது" என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானும் அப்படிச் சொல்கிறவள்தான், அது வேறு விஷயம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவேன். மற்றவர்களில் பாதிப் பேர் பின்னட்டையை மட்டும் வாசித்தவர்கள். இரண்டு கேள்வி கேட்டால் முழிப்பார்கள். நான் கேட்டும் இருக்கிறேன்.

ஒரு நாவலில் கதாநாயகிக்கு முன்பல் எடுப்பு. புத்தகம் முழுக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அது படமாக வந்தது. படத்தில் நடித்தவளுக்குப் பல்வரிசை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். எதற்காகப் பொத்துகிறாள் என்று அந்தத் தியேட்டரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு படத்தில் மீன்பிடிக்கிறவர் ஒருவர் வலை வீசினார். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். அவர் ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டார் என்று சொன்னால் நம்புவேன், வலை வீசினார் என்றால் நம்பமாட்டேன். அதற்காகப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாவலில் தகப்பனும் மகனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை எழுத்தாளர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். படத்தில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மகன் கறிச்சட்டியைத் தகப்பன் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தான், அவ்வளவுதான். அன்றைக்கு நான் தோல்வியை ஒப்புக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இப்படி வழக்காட நான் பழகியது அத்தானோடு. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். செட்டிபாளையத்தில் அக்காவின் வீட்டில் அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கோர்ட் கூடும். அத்தான் வாழ்நாளில் ஒரு கதைப் புத்தகத்தை விரித்தவர் இல்லை. படம் என்றால் ஒன்றையும் விட்டவர் இல்லை. டவுனில் ஓடினால் டவுனில், இல்லாவிட்டால் சீடியில், இப்போது கைபேசியில். "புத்தகம் எங்க ஓடப் போகுது? படமா வரட்டும், பாப்பம்" என்பார். நான் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லுவேன், அவர் படத்தில் கண்டதைச் சொல்லுவார், எங்கே எங்கே மாற்றிவிட்டார்கள் என்று இருவரும் புடுங்குப்படுவோம். அக்கா அடுப்படியில் இருந்து "முதல்ல கையக் கழுவிட்டுச் சண்டை பிடிங்க, காயுது" என்பாள்.

அத்தானை எனக்குப் பிடிக்கும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பிழை விட்டார். அக்காவுக்குச் சீதனமாக வந்தது அந்த வீடும், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வட்டையில் ஒரு துண்டு வயலும். அத்தானின் கூட்டாளி ஒருவர் செங்கல் சூளை வைத்திருந்தார். அந்த வயலில் மண் வெட்டக் கேட்டிருக்கிறார். அத்தான் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில், நாலு பேர் பார்த்திருக்க, "வெட்டு மச்சான், நம்மட காணிதானே" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூளைக்கு மண் வெட்டிய வயலில் பிறகு நெல் விளையாது, தண்ணீர்தான் நிற்கும். அதற்கு மேல், அது அவருடைய காணியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லித்தான் அக்காவுக்கு விஷயம் தெரியும். அடுத்த நாள் அக்கா அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அக்காவின் ஒரே மகனும் அப்படித்தான் களுவாஞ்சிகுடியில் மனைவி வீட்டில் இருக்கிறான். ஆகவே சண்டை முற்றினால் யார் போகவேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. வந்தவர்தான் போவார். ஆனாலும் வாய் திறந்து போகச் சொல்கிற பெண்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து அக்கா ஒருத்திதான். அத்தான் நாவற்குடாவில் தன் தங்கச்சியின் வீட்டுக்குப் போனார். அங்கேயே இருந்துவிட்டார். வயலில் மண் வெட்ட ஒருவரும் வரவில்லை. அக்காவுக்குப் பயந்துதான் வரவில்லை என்று ஊர் சொன்னது, நாங்களும் அப்படியே நினைத்தோம்.

ஊர் அவளை நெஞ்சழுத்தக்காரி என்றது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தி வந்து "பாவம் நீ, தனிச்சுப் போயிட்டாய்" என்று சொன்னபோதுதான் அவளுக்கு முகம் மாறியது. "என்னைப் பாவம் எண்டு சொல்லாத. என்னை ஒருத்தரும் விட்டுட்டுப் போகல்ல. நான்தான் போகச் சொன்னன்" என்று நேருக்கு நேர் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தாள். நான்தான் போகச் சொன்னேன் என்பது அவளுடைய சொத்து, வீட்டையும் வயலையும் போல.

அதை வைத்துத்தான் நான் என் நாவலை எழுதினேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு எழுதிய முதல் புத்தகம். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் புருஷனைப் போகச் சொல்கிறாள். அவன் பையோடு படியிறங்குகிறான். அவள் கதவை அறைந்து சாத்துகிறாள், அந்தச் சத்தத்தில் முற்றத்துக் காகங்கள் எழும்பிப் பறக்கின்றன. உண்மையில் அது நடந்தபோது நான் அங்கே இல்லை, அடுத்த நாள்தான் போனேன். கதவும் காகமும் நான் வைத்தவை. கதை என்றால் அப்படி ஒரு சத்தம் வேண்டும், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. புத்தகத்தைப் பற்றிக் கதைத்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத்தான் சொன்னார்கள். கூட்டம் ஒன்றில் ஒரு பேராசிரியர் அதைப் பற்றியே முழு நேரமும் பேசினார்.

அக்காவுக்கு முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தாள். அடுத்த முறை போனபோது எப்படி என்று கேட்டேன். "தாள் நல்ல தாள்" என்றாள்.

அத்தானை நாவற்குடாச் சந்தியில் கண்டேன். சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னைப் பத்தி என்னவோ எழுதிரிக்கிறயாம்" என்றார்.

"ஓம் அத்தான். ஒண்டு கொண்டுவந்து தரட்டா?"

"வேணாம் புள்ள. படமா வரட்டும், பாப்பம்."

இருவரும் சிரித்தோம். என் புத்தகத்தை எவன் படமெடுக்கப் போகிறான் என்ற துணிவில்தான் நான் சிரித்தேன்.

ஒருவன் வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், சென்னையில் படம் எடுக்கப் படித்தவன். கல்லடியில் என் வீட்டுக்கு வந்து என்னை "அன்ரி" என்றான். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம். ஆனால் புத்தகத்தை உண்மையில் வாசித்திருந்தான். நான் வைத்த கேள்விகளுக்கெல்லாம் முழிக்காமல் பதில் சொன்னான். ஆகவே சம்மதித்தேன். சில மாதம் கழித்துத் திரைக்கதையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பகுதியைத்தான் முதலில் பார்த்தேன்.

புருஷன் குடித்துவிட்டு வருகிறான். வெளியே மழை. மனைவியின் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிகிறான். "வெளியே போடி, என் வீட்டில் இனி உனக்கு இடமில்லை" என்கிறான். அவள் அழுதுகொண்டு மழைக்குள் நடக்கிறாள், நடந்து நடந்து கல்லடிப் பாலத்தில் வந்து நிற்கிறாள்.

"தம்பி, செட்டிபாளையத்தில இருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் மழைக்குள்ள நடந்தா அந்தப் புள்ளைக்கு நியூமோனியாதான் வரும்" என்றேன். அது முதல் கேள்வி. இரண்டாவதாக, அத்தான் குடிக்காதவர், இந்தக் குடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மூன்றாவதைக் கேட்கும்போது என் குரல் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். "ஆருட வீட்டில நிண்டுகொண்டு ஆர் ஆரைப் போகச் சொல்றது?"

அவனுக்கு விளங்கவில்லை. "அன்ரி, கதைப்படி ரெண்டு பேரும் பிரியணும். யார் போனா என்ன? பொம்பளை போனாத்தான் ஓடியன்ஸுக்கு மனசில தைக்கும். ஆம்பிளையை மனைவி வெளியில அனுப்பினா நம்பமாட்டாங்க. அப்படி எண்டா அந்தாள் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி ஆகிடும்."

"இஞ்ச எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடதான்" என்றேன். மரக்கட்டை மாதிரி இருந்தான், கொஞ்சமும் அசையவில்லை. படம் வேறு ஊடகம், புத்தகம் வேறு ஊடகம் என்று எனக்குப் பாடம் எடுத்தான். எனக்குத் தெரியாதா? பல்லை மாற்று, வலையை மாற்று, மழை பெய்யவை. ஆனால் கதையின் முதுகெலும்பை உருவிவிட்டு அதை ஊடகம் என்று சொல்லாதே என்றேன்.

உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் புத்தகத்தை வாசித்தவர்கள் கொஞ்சப் பேர். படம் வந்தால் செட்டிபாளையத்தில் வீட்டுக்கு வீடு பார்ப்பார்கள். படத்தில் அவள் துரத்தப்பட்டவள் என்றால், அக்காவும் துரத்தப்பட்டவள்தான். சந்தைக்குப் போகிற வழியில் ஒவ்வொருத்தியும் அவளை நிறுத்திப் பாவம் என்பாள். அக்காவின் கையில் இருந்த அந்த ஒன்றை, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படம் பறித்துக்கொண்டு போகும். பிறகு நான் எத்தனை புத்தகம் எழுதியும் அதைத் திருப்பிக் கொடுக்க ஏலாது.

கொடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுப்பேன் என்று நின்றேன். கடைசியில் அவன் "ரெண்டு விதமாவும் எடுப்பம் அன்ரி, பார்த்துட்டு முடிவு செய்வம்" என்று இறங்கி வந்தான். நானும் படப்பிடிப்புக்கு வருவேன் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் எனக்கென்ன.

அக்காவின் வீட்டுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி, அடுத்த சந்தில், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடொன்றை எடுத்திருந்தார்கள். வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கிற அயல்பெண்களாக நடிக்க ஊர்ப் பெண்களையே கூப்பிட்டிருந்தான். அவர்களுக்கு நடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை, வழக்கமாக நிற்கிற மாதிரி நின்றார்கள். அக்காவை வரச் சொன்னேன். "நான் என்னத்துக்கு? எனக்குத் தெரியாத கதையா?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

முதலில் அவனுடைய விதம். புருஷனாக நடித்தவர் கல்லடிப் பக்கம் நாடகம் போடுகிறவர், நல்ல உயரம், நல்ல குரல். பெட்டியைத் தூக்கி எறிந்தார். "வெளியே போடி, என் வீட்டில் இனி உனக்கு இடமில்லை" என்று கர்ஜித்தார்.

வேலியடியில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடுத்தவளுக்கும் தொற்றியது. இயக்குநர் நிறுத்தி, இது சோகமான காட்சி, சிரிக்கக் கூடாது என்று விளக்கினான். தலையாட்டினார்கள். மறுபடி பெட்டி பறந்தது, மறுபடி கர்ஜனை, இந்த முறை வேலி முழுக்கச் சிரிப்பு. ஒரு பெண் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"தம்பி, கோவிக்காதீங்க. இவர் ஆருட வீட்டில நிண்டு கத்துறார்?"

"இவருடைய வீடு அம்மா."

"இவருக்கு ஏது வீடு?" என்றாள். அதற்குப் பிறகு அங்கே ஒருவரையும் அடக்க முடியவில்லை.

ஒலிப்பதிவு செய்தவர் காத்தான்குடிக்காரர். காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "எங்கட ஊரிலயும் இது சரிவராது சேர். இப்பிடி ஒருத்தன் சொன்னா மாமி அவன்ட சாமானைக் கட்டிக் கையில குடுத்திருவா" என்றார். புருஷனாக நடித்தவரும் பெட்டியில் குந்திவிட்டார். "சேர், எனக்கும் இந்த வசனம் வாயில வருகுதில்ல. என்ட மனிசி படத்தைப் பாத்தா, எங்க ஒருக்கா இதை இஞ்ச சொல்லுங்க பாப்பம் எண்டு கேப்பா."

இயக்குநர் என்னைப் பார்த்தான். நான் கையில் இருந்த வடையை ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

"சரி அன்ரி" என்றான். "புத்தகத்தில இருக்கிற மாதிரியே எடுப்பம்."

எடுத்தான். அதில் அவனைக் குறை சொல்லமாட்டேன், ஒரு முடிவுக்கு வந்தால் முழுமனதாகச் செய்கிறவன். குடி போனது, மழை போனது. புருஷன் கல்யாண வீட்டில் வாக்குக் கொடுக்கிற காட்சி வந்தது. கடைசியில் அவள் "போங்க" என்கிறாள். அவன் பையோடு இறங்குகிறான். வேலியடியில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தி கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன், அதற்கு அவளுக்குச் சம்பளம் பேசியிருக்கவில்லை. பிரச்சினை கதவில்தான் வந்தது. கடற்காற்றில் ஊதிப்போன பழைய கதவு, சாத்தினால் பொத்தென்று ஒரு சத்தம்தான் கேட்டது. இயக்குநர் அதுவே போதும் என்றான். நான் போதாது என்றேன். "இன்னும் பலமா சாத்து புள்ள, உன்ட கோவம் எல்லாம் அதிலதான் இரிக்கு" என்று நடித்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் கை சிவக்கும்வரை சாத்தினாள். கடைசியில் ஒருமுறை வீடே அதிர்ந்தது. உண்மையாகவே முற்றத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. கமெராக்காரன் அதையும் பிடித்துவிட்டான். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

அன்று பின்னேரம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "என்ன புள்ள, அங்க கதவை அந்த அடி அடிச்சீங்க? இஞ்ச வரைக்கும் கேட்டது."

நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், வேலியடிச் சிரிப்பையும் சேர்த்து. அதற்கு அக்காவும் சிரித்தாள்.

"அப்ப படத்திலயும் கதவைச் சாத்துறதுதானா?" என்று கேட்டாள்.

"ஓம். புத்தகத்தில இருக்கிற மாதிரியே."

"ஆர் ஆர் பாப்பாங்க?"

"எல்லாரும்தான். ஊர் முழுக்கப் பாக்கும். இனி உன்னைப் பாவம் எண்டு ஒருத்தி சொல்லட்டும் பாப்பம்."

அக்கா குடிக்காமலே தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, புட்டு அவிக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். நான் என் வெற்றிக் களிப்பில் இருந்தேன், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

படம் முடிந்து, கல்லடியில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முதல் காட்சி போட்டார்கள். கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். படம் ஓடியது. நான் என் வழக்கப்படி மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே பார்த்தேன். சில இடம் கூட்டியிருந்தான், சில இடம் குறைத்திருந்தான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கல்யாண வீட்டுக் காட்சி என் எழுத்தை விட நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் கதவு அறைந்து சாத்தியதும் மண்டபத்தில் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, பின்னுக்குத் திரும்பிச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காகத் தட்டுகிற கைகளைப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

வெளியே இயக்குநர் ஓடிவந்து "அன்ரி, சந்தோஷமா?" என்றான். புத்தகத்துக்கு ஒரு குறையும் வைக்காத படம் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். என் வாயில் இருந்து அப்படி ஒரு தீர்ப்பு அதற்கு முன் வந்ததே இல்லை.

அக்காவை அவளுடைய வீட்டில் விடுவதற்காக ஓட்டோ பிடித்தேன். கடலோரச் சாலையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் அக்கா திடீரென்று சொன்னாள்.

"அவர் வந்திருந்தார்."

"ஆர்?"

"ஆர் எண்டு என்னட்டக் கேக்காத. கடைசி வரிசையில இருந்தவர். கதவு சாத்தினதோட ஒழும்பிப் போயிட்டார்."

"போகட்டும்" என்றேன். "இப்பவாவது விளங்கட்டும்."

"என்ன விளங்குறது?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் எங்க கதவைச் சாத்தினன்?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"போங்க, குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துப்போட்டு வாங்க எண்டுதான் சொன்னன். அவ்வளவுதான் சொன்னன். கதவடியில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன். அவர் வாசல் படலையால போகும் மட்டும் திரும்பிப் பாக்கல்ல. பாத்திருந்தா கதவு துறந்து கிடக்கிறதைக் கண்டிருப்பார்."

"புத்தகத்தில நான் எழுதினன்தானே. அப்ப ஏன் சொல்லல்ல?"

"அவர் புத்தகம் வாசிக்கிற மனிசனா? நீ ஆசைக்கு எழுதிப்போட்டாய், இருக்கட்டும் எண்டு விட்டன். ஒரு நாளைக்கு வருவார் எண்டுதான் இருந்தன். இனி எப்பிடி வருவார்? நான் சாத்தினதைக் கண்ணால கண்டிட்டார்."

இத்தனை வருஷம் நான் அவளுடைய தனிமையைப் பெருமை என்று எழுதி, பேசி, கைதட்டியும் விட்டேன். அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஓட்டோ நாவற்குடாவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த ஒழுங்கைக்குள்ள திருப்புங்க" என்றேன் ஓட்டோக்காரரிடம்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாம். நேரே போகச் சொல்லு. நானா தேடி வந்து கூப்பிட்டனெண்டு ஊர் சொல்லும்."

"நீ இறங்காத. நீ ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்ல. நான் என்ட புத்தகத்தைத் திருத்தப் போறன், அது என்ட வேலை."

அத்தானின் தங்கச்சி வீட்டுக்கு முன்னால் ஓட்டோ நின்றது. அத்தான் விறாந்தையில் கதிரையில் இருந்தார். படம் பார்க்கப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினார். மகிழ்ச்சியாக இருக்கிற மாதிரிக் காட்டத்தான் பார்த்தார், சரிவரவில்லை.

"வா புள்ள. நல்ல படம். நீ எழுதின மாதிரியே எடுத்திரிக்கிறானாம், சனம் கதைச்சது."

"அத்தான், அந்தக் கதவு பிழை."

"படத்தில மாத்திட்டானா?"

"இல்ல. புத்தகத்திலயே பிழை. நான் அண்டைக்கு அங்க இருக்கல்ல, நானா எழுதினது. அக்கா கதவைச் சாத்தல்ல. நீங்க படலை தாண்டும் வரைக்கும் கதவடியிலதான் நிண்டிரிக்கிறா. நீங்க திரும்பிப் பாக்கல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மண் வெட்ட வேணாம் எண்டு நான் அண்டைக்கே சூளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டன்" என்றார். "இஞ்ச வாறதுக்கு முதல் அங்கதான் போனன். அவ கூப்பிடுவா எண்டு இருந்தன்."

"அவ வருவீங்க எண்டு இருந்திரிக்கிறா."

கண்ணாடியைத் திரும்பப் போட்டார். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார். "இப்பவும் துறந்துதான் இரிக்கா?"

"அதை என்னட்டக் கேக்காதீங்க அத்தான். அந்தக் கதவைப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. அக்கா ஓட்டோவுக்குள்ள இரிக்கிறா."

அத்தான் செருப்பைத் தேடினார். கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தார், கிடைக்கவில்லை. வெறுங்காலோடேயே முற்றத்தில் இறங்கிப் போய்ப் படலையைத் திறந்தார்.